மேலே கருகுகிறது, எடுத்தால் முறிகிறது: பொலிமர் கிளேத் தோட்டில் எங்கே பிழை?

சிமிக்கிப்பித்து:

வணக்கம். யாழ்ப்பாணம், திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறேன். வேலை முடிந்து வந்த பிறகு வீட்டில், ஓவனில் சுட்டால் இறுகுகிற பொலிமர் கிளேயில் தோடு, பதக்கம் செய்கிறேன். தொடங்கி ஏழு மாதம். இவ்வளவு நாளும் எனக்கும் தங்கச்சிக்கும் மட்டும் செய்ததால் ஒன்றிரண்டு உடைந்தாலும் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது ஒரு சாமத்தியவீட்டுக்கு 12 சோடி கேட்டிருக்கிறார்கள். பனையோலை விசிறி வடிவம், பாதி கறுப்பு, பாதி வெள்ளை, மேலே பொன்னிறக் கோடு. அதில்தான் மாட்டுப்பட்டு நிற்கிறேன்.

நேற்றுச் சுட்ட 8 சோடியில் 3 சோடி கையோடு முறிந்துவிட்டன. விசிறியின் காம்பு மெலிந்து வரும் இடத்தில் பிஸ்கட் மாதிரிப் பட்டென்று போகிறது. சூடு காணாமல்தான் முறிகிறது என்று நினைத்தால், வெள்ளைப் பக்கம் பழுப்பாகி, ஓரங்கள் கருகியும் இருக்கின்றன. கருகிய சாமான் எப்படி வேகாமல் இருக்கும்? விளங்கவில்லை.

பொதியில் 130 பாகை, 30 நிமிடம் என்று போட்டிருக்கிறது. அப்படியேதான் வைக்கிறேன். ஓவன் சின்னது, மேலும் கீழும் கம்பி சிவக்கும் வகை. அம்மா கேக் அடிக்க வாங்கியது. ஓடருக்கு இன்னும் 9 நாள் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வளவுக்காரன்:

ஓவனை விட்டுவிட்டு வெயிலில் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் கிளேயில் பூச்சாடி செய்து முற்றத்தில்தான் காயவைத்தார்கள். கல்லு மாதிரி இருக்கிறது.

மணிகோர்ப்பவள்:

அண்ணா, நீங்கள் சொல்வது காற்றில் காயும் கிளே. அது வேறு, இது வேறு. அதில் தண்ணீர் இருக்கும், தண்ணீர் போனால் இறுகும். பொலிமர் கிளேயில் வற்ற வேண்டிய தண்ணீரே இல்லை. கிணற்று மோட்டருக்குப் போடுகிற குழாய் இருக்கிறதே, அதே பி.வி.சி.தான் தூளாக, மென்மையாக்கும் எண்ணெய் போன்ற ஒரு திரவத்துடன் குழைந்து இருக்கிறது. சூடு பட்டால் அந்தத் தூள் திரவத்தைக் குடித்து உப்பி, ஒன்றோடொன்று உருகி ஒட்டும். அதற்கு 110 முதல் 130 பாகை வரை வேண்டும். வடகம் காயவைக்கிற வெயிலுக்கு அதில் பாதிகூட இல்லை.

தங்கச்சி, எனக்கு நாலு விஷயம் சொல்லுங்கள். தோட்டின் தடிப்பு எவ்வளவு? தட்டு கம்பிக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? ஓவனுக்குள் தனியாக வெப்பமானி வைத்திருக்கிறீர்களா? 30 நிமிடம் என்றால் உண்மையிலேயே 30 நிமிடமா? கடைசிக் கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள், நானும் அந்த வழியால் வந்தவள்தான்.

புதுக்கை:

கிளே பழசோ தெரியாது. கொழும்பிலிருந்து பார்சலில் எடுத்தால் வழியில் சூடேறிப் பாதி வெந்தே வந்து சேரலாம். எனக்கு வந்த ஒரு பொதி பிசையப் பிசைய உதிர்ந்தது. திரவக் கிளே சில துளி விட்டுக் குழைத்துத்தான் மீட்டேன்.

சிமிக்கிப்பித்து:

கிளே நன்றாகப் பிசைபடுகிறது, உதிரவில்லை. தடிப்பு 3 மில்லிமீற்றர், காம்பில் 2 வரும். தட்டு நடுத்தட்டில்தான், ஆனால் ஓவன் சின்னதென்பதால் மேல்கம்பி நாலு விரல்கடை உயரத்தில் இருக்கிறது. வெப்பமானி இல்லை. திருகியில் 130 என்று வைத்தால் 130தானே?

கடைசிக் கேள்வி... சரி, சொல்லிவிடுகிறேன். 12 நிமிடத்திலேயே வெள்ளை நிறம் மாறத் தொடங்கியதும் பயத்தில் வெளியே எடுத்துவிட்டேன். கறுப்பு மட்டும் இருந்ததை 20 நிமிடம் விட்டேன். இதை இரவு 7 மணிக்குப் பிறகுதான் செய்கிறேன், பகலில் வேலை.

மணிகோர்ப்பவள்:

பிழை அங்கேதான். கருகுவதும் வேகுவதும் ஒன்றல்ல. சிவந்த கம்பியின் நேர்ச்சூடு மேற்தோலைச் சுடுகிறது. உள்ளே கிளே இறுகுவதற்கு அந்த 130 பாகை, 30 நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். 160இல் 12 நிமிடம் வைத்தால் 130இல் 30 நிமிடம் வைத்ததற்குச் சமம் என்று கணக்குப் போட முடியாது. அடிப்பிடித்த சோற்றை நினைத்துப் பாருங்கள், அடி கரி, நடு அரிசி.

திருகியை நம்பாதீர்கள். சின்ன ஓவன்கள் குறித்த சூட்டைத் தாண்டி ஏறும், பிறகு அணைந்து இறங்கும், திரும்ப ஏறும். கேக் இந்த ஏற்ற இறக்கத்தை ஓரளவு தாங்கும், கிளே தாங்காது. யாழ்ப்பாணம் டவுணில் கேக் சாமான் விற்கிற கடைகளில் ஓவனுக்குள் நிற்கவைக்கிற முள்ளு வெப்பமானி கேளுங்கள். அது இல்லாமல் நாங்கள் என்ன சொன்னாலும் இருட்டில் கல்லெறிவதுதான்.

அது கைக்கு வந்ததும் இப்படிச் செய்யுங்கள். மாபிளோ தரைக்கு ஒட்டுகிற டைலோ ஒரு துண்டு எடுத்துக் கீழ்த்தட்டில் வையுங்கள். கல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், ஏற்ற இறக்கம் குறையும். டைலின் மேல் ஒயில் பேப்பர், அதன் மேல் தோடு. எல்லாவற்றையும் அலுமினியத் தாளால் கூடாரம் மாதிரி மூடுங்கள், தோட்டில் முட்டக்கூடாது. கம்பியின் நேர்ச்சூடு அதோடு நிற்கும். வெப்பமானியைக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே வைத்து, முள் நிலைக்கு வந்த பிறகு மட்டும் நேரம் எண்ணத் தொடங்குங்கள்.

முதலில் தோடு வேண்டாம். 2 மில்லிமீற்றர் தடிப்பில், விரல் நீளத்தில் வெள்ளைக் கீற்று நாலு வெட்டுங்கள். சுட்டு, நன்றாக ஆறவிட்டு வளையுங்கள். சூட்டோடு வளைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, சுடும்போது எல்லாம் மென்மையாகத்தான் இருக்கும். சரியாக வெந்த கீற்று வில்லாக வளைந்து திரும்பி வரும். முறிந்தால் வேகவில்லை.

வயர்மேன்:

இரவு 7 மணி என்றதும் எனக்கு வேறொன்று பட்டது. அந்த நேரம் எங்கள் பக்கமெல்லாம் வோல்டேஜ் விழுகிறது. 230 வரவேண்டிய இடத்தில் 200 வந்தால் கம்பியின் சூடு நாலில் மூன்று பங்குதான், ஏனென்றால் சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். திருகி இருப்பதால் ஓவன் கடைசியில் 130ஐ எட்டும், ஆனால் பகலில் எடுப்பதைவிடக் கனநேரம் எடுக்கும். ஆளி போட்ட நிமிடத்திலிருந்து எண்ணினால் பாதி நேரம் சூடேறுவதிலேயே போய்விடும். விடியப்புறம் சுட முடிந்தால் சுடுங்கள்.

அவசரக்கை:

மைக்ரோவேவில் 2 நிமிடம் வைத்தால் முடிந்தது. ஏன் இவ்வளவு பாடு?

மணிகோர்ப்பவள்:

தயவுசெய்து வேண்டாம். மைக்ரோவேவ் ஒரு சீராகச் சுடாது, ஓரிடம் கொதிக்கும், ஓரிடம் பச்சையாக இருக்கும். கொதிக்கிற இடம் கருகிப் புகைந்தால் பி.வி.சி.யிலிருந்து ஹைட்ரஜன் குளோரைட் வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். சாதாரண ஓவனிலும் புகை கண்டால் ஆளியை அணைத்து, யன்னல்களைத் திறந்துவிட்டு, குசினியை விட்டு வெளியே வாருங்கள்.

சிமிக்கிப்பித்து:

வெப்பமானி எடுத்துவிட்டேன். பார்த்துத் திகைத்துப் போனேன். திருகி 130இல் நிற்கிறது, முள் 165க்குப் போய், பிறகு 115க்கு இறங்கி, திரும்ப 160! ஏழு மாதமாக இதற்குள் என்னவெல்லாம் வைத்தேன் என்று நினைக்கச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. அம்மாவின் கேக் நடுவில் பள்ளம் விழுந்ததற்குக் காரணம் முட்டை இல்லை என்பதும் இப்போதுதான் தெரிந்தது.

டைல், கூடாரம் எல்லாம் வைத்து, திருகியை 110க்கும் 120க்கும் நடுவில் வைத்தேன். முள் 125க்கும் 135க்கும் இடையில் நிற்கிறது. கீற்று நாலும் 30 நிமிடம். விடிய 5 மணிக்கு எழும்பிச் செய்தேன். நாலும் வளைகின்றன! ஒன்றை இரண்டாக மடிக்கப் பார்த்தேன், வெள்ளைக் கோடு விழுந்ததே தவிர முறியவில்லை.

முறியாமல் இருக்கும் அந்த 5 சோடியையும் வீச வேண்டுமா?

மணிகோர்ப்பவள்:

வீச வேண்டாம். பொலிமர் கிளேயைத் திரும்பவும் சுடலாம். கூடாரத்துக்குள் வைத்து முழுசாக 30 நிமிடம் கொடுங்கள். பழுப்பான நிறம் மட்டும் திரும்பி வராது, அந்த இடத்தை அக்ரிலிக் வர்ணத்தால் மூடலாம். கறுப்பு மட்டும் சுடும் நாளில் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொட்டும் வையுங்கள். கறுப்பில் கருகல் கண்ணுக்குத் தெரியாது, அந்தப் பொட்டுக் காட்டிக்கொடுக்கும்.

காம்பு இன்னும் பயமாக இருந்தால் 3 மில்லிமீற்றராக்குங்கள். உண்மையான விசிறிக்கே காம்பு தடிப்புத்தானே.

சிமிக்கிப்பித்து:

இன்னொரு கேள்வி, இது பழைய கதை. மினுக்கத்துக்காக நிறமில்லாத நெயில் பொலிஷ் பூசிய தோடுகள் மூன்று மாதம் கழித்துப் பிசுபிசு என்று பையோடு ஒட்டுகின்றன. புழுக்கத்தாலா?

பத்தர்வீட்டுப்பிள்ளை:

புழுக்கத்தின்மேல் பழி போடாதீர்கள். நெயில் பொலிஷில் உள்ள கரைப்பான் கிளேயின் மேற்தோலை மெல்ல இளக்கிவிடும். பூசிய அன்று கண்ணாடி மாதிரி இருக்கும், பிறகுதான் குணம் காட்டும். ஸ்பிரே வார்னிஷ் பலவற்றுக்கும் இதே கதி. தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வார்னிஷ் மட்டும் பூசுங்கள். எனக்கென்றால் அதுவும் வேண்டாம். தண்ணீருக்குள் வைத்து 400, 600, 800, 1000 என்ற இலக்கச் சான்ட்பேப்பர்களால் (இலக்கம் கூடக் கூட நைசு) வரிசையாகத் தேய்த்துவிட்டு, பழைய ஜீன்ஸ் துணியால் அழுத்தித் துடையுங்கள். வருகிற மினுக்கம் பூச்சில் வராது. எங்கள் அப்பா பொன்னுக்குச் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான், படிப்படியாக நைசாக்குவது.

ஆணியை எப்படி ஒட்டுகிறீர்கள்? சுப்பர் குளூ என்றால் ஒரு நாள் ஆணி காதில் நிற்கும், தோடு றோட்டில் கிடக்கும். அந்தப் பசை இறுகினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். தோட்டைச் சுட்ட பிறகு பின்பக்கத்தைக் கீறிச் சொரசொரப்பாக்கி, திரவக் கிளே ஒரு துளி வைத்து, ஆணியின் தட்டையை அதில் பதித்து, மேலே மெல்லிய கிளே வட்டம் ஒன்றால் ஆணி மட்டும் வெளியே தெரியும்படி மூடித் திரும்பச் சுடுங்கள். ஆணி துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். மலிவான முலாம் ஆணிகளில் நிக்கல் இருந்தால் சில பிள்ளைகளுக்குக் காது புண்ணாகும். சாமத்தியவீட்டுக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் புதிதாகத் தோடு மாற்றுகிறவர்கள், கவனம்.

புதுக்கை:

நானும் ஒன்று கேட்கிறேன். இந்தச் சோளகக் காற்றுக்கு வெள்ளைக் கிளேயில் தூசி ஒட்டி அசிங்கமாகிறது. கையும் வேர்த்து, கிளே பசையாகிறது.

மணிகோர்ப்பவள்:

வெள்ளையை முதலில், கறுப்பைக் கடைசியில். நிறம் மாறும்போதெல்லாம் குழந்தைகளுக்குத் துடைக்கிற ஈரத்தாளால் கையைத் துடையுங்கள். கிளே அளவுக்கு மேல் இளகினால் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், வெளியே எடுத்ததும் மேலே ஈரம் பூத்தால் ஒற்றி எடுத்துவிட்டுத் தொடுங்கள். ஈரமும் காற்றும் உள்ளே அகப்பட்டால் சுடும்போது கொப்புளம் வரும். மின்விசிறியை நேரே மேசைக்குத் திருப்பாதீர்கள், வீட்டுத் தூசி முழுக்க அங்கேதான் வந்து இறங்கும்.

சிமிக்கிப்பித்து:

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். 12 சோடியும் முடிந்தன, ஆணியெல்லாம் மூடிச் சுட்டாயிற்று. ஒன்றை வேண்டுமென்றே சீமெந்துத் தரையில் நாலு தரம் போட்டுப் பார்த்தேன், ஓரம் சின்னதாக நசிந்தது, முறியவில்லை. கேட்ட அன்ரி பார்த்துவிட்டு இன்னும் 5 சோடி கேட்கிறார்.

ஒரு சிக்கல்தான் மிச்சம். முள் பார்த்துச் சூடு வைக்கப் பழகிவிட்டேன் என்பதால் அம்மா ஓவனைத் திரும்பக் கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமை கேக் அடிக்க. கழுவித் துடைத்துக் கொடுக்கலாமா?

மணிகோர்ப்பவள்:

ஏழு மாதம் மூடாமல் சுட்ட ஓவன். மென்மையாக்கும் திரவம் ஆவியாகி உட்சுவரில் படிந்திருக்கும். நான் என்றால் அதில் சாப்பாடு வைக்கமாட்டேன். அதை நீங்களே வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் புதிது வாங்கிக் கொடுங்கள்.

சிமிக்கிப்பித்து:

அப்போ 12 சோடிக் காசும் போச்சு. அன்ரிக்கு இப்பவே ஓம் சொல்லிவிடுகிறேன்.