மஸ்கடே வைனும் சிப்பியும் சேருமா?

கேள்வி: கொல்லங்கோட்டுக்காரி

தம்பி கப்பலில் வேலை பார்க்கிறான். இந்த விடுப்பில் பிரான்ஸிலிருந்து ஒரு வெள்ளை வைன் கொண்டு வந்தான். ‘மஸ்கடே செவ்ர் ஏ மேன், சூர் லீ’ என்று போட்டிருக்கிறது. ஞாயிறன்று அப்பாவுக்கு 70 வயது நிறைகிறது. 40 வருடம் கடலுக்குப் போனவர். என்ன வேண்டும் என்று கேட்டால், சிப்பியும் மரச்சீனிக் கிழங்கும் போதும் என்கிறார். எங்கள் வீட்டில் வைன் என்றால் கிறிஸ்துமஸுக்கு ஜாடியில் போடும் இனிப்பு வைன்தான். இது மஸ்கட் திராட்சையா? இனிக்குமா? அம்மாவின் காரமான மீன் குழம்போடு கொடுக்கலாமா? இருப்பது ஒரே பாட்டில்.

பதில்: கப்பல் அடுக்களை, மார்த்தாண்டம்

தங்கச்சி, அப்பா சரியாகத்தான் கேட்டிருக்கிறார். 11 வருடம் கப்பல் அடுக்களையில் நின்றவன் சொல்கிறேன், சிப்பிக்கு இதுதான் வைன்.

மஸ்கட்டுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. திராட்சையின் பெயர் மெலான் த பூர்கோன். பிறந்தது பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில், வாழ்வது லுவார் ஆறு கடலில் சேரும் நாந்த் நகரத்துப் பக்கம். 1709 குளிரில் அங்கே கொடிகள் உறைந்து செத்தன. பனியைத் தாங்குகிற ரகம் என்று அதன்பின் இதை நிறைய நட்டார்கள். துளியும் இனிக்காது. எலுமிச்சை போன்ற புளிப்பு, விழுங்கிய பிறகு லேசாக ஓர் உப்பு. ஆல்கஹால் பெரும்பாலும் 12 சதவீதம்தான்.

சூர் லீ என்றால் மண்டியின் மேல் என்று அர்த்தம். நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் அடியில் படியும். வைனை வடிக்காமல் குளிர்காலம் முழுக்க அதன்மேலேயே விட்டு, பிறகு மேலே தெளிந்ததை நேரே பாட்டிலில் அடைப்பார்கள். கள்ளுப்பானை பார்த்த ஊர்க்காரர்களுக்கு மண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். வாயில் ஒரு கனம் வருவது அதனால்தான். நாக்கில் கொஞ்சம் சுருசுருத்தால் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள்.

இனி சிப்பி. ஓட்டைச் சுரண்டிக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெயில் சின்ன உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை, ஒரே ஒரு பச்சைமிளகாய் வதக்கி, சிப்பியைப் போட்டு, அரை டம்ளர் வைன் ஊற்றி மூடுங்கள். வாய் திறந்ததும் இறக்குங்கள். உப்பு போடவே வேண்டாம், சிப்பித் தண்ணீரிலேயே இருக்கிறது. நாந்திலும் சின்ன உள்ளியை இந்த வைனில் சுண்டவைத்து, வெண்ணெய் அடித்து மீனுக்கு ஊற்றுவார்கள். நம் கைப்பக்குவத்துக்குத் தூரமில்லை.

அம்மாவின் குழம்பு மட்டும் இதோடு வேண்டாம். மிளகாய் எரிச்சலை வைன் கூட்டும். புளியோ வைனின் புளிப்பைத் தின்றுவிடும், வெறும் தண்ணீர் குடித்தது போல ஆகிவிடும். பாட்டில் காலியான பிறகு குழம்பைப் பரிமாறுங்கள்.

பதில்: பாறசாலைத் தமிழன்

நெய்மீன் மொயிலியும் சேரும். காரம் குறைவு, தேங்காய்ப்பாலின் கொழுப்பை இந்தப் புளிப்பு அறுக்கும். புளி சேர்க்காமல் வையுங்கள். வைனைக் குடிக்கும் முன் 2 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். ஐஸ் கட்டி போட்டுவிடாதீர்கள், வைன் நீர்த்துப்போகும்.

கொல்லங்கோட்டுக்காரி

அண்ணன் சொன்னபடியே சிப்பி வைத்தேன். முதல் வாய் வைனுக்கு அப்பா முகம் சுளித்தார். “இனிப்பே இல்லையே மக்களே” என்றார். நாலு சிப்பி உள்ளே போன பிறகு அவரே டம்ளரை நீட்டினார். சட்டியில் மிஞ்சிய சாற்றை மரச்சீனியில் ஊற்றிச் சாப்பிட்டார். குழம்பை ராத்திரிதான் எடுத்தோம்.