நம்ம வம்சம் (குடும்ப வாட்ஸ்அப் குழு)

கவிதா, காலை 7:12
சித்தப்பா, டி.என்.ஏ ரிசல்ட் வந்துருச்சு. தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஒரு அம்மாவோட 74 சென்டிமார்கன் (பொதுவான டி.என்.ஏ-வை அளக்கிற அலகு) பொருந்துது. கொள்ளுத் தாத்தாவோட அண்ணன் அங்கே நட்டாலுக்குப் போனாரே, அவர் வழிதானே?

ரவி சித்தப்பா, 7:20
அவசரப்படாதம்மா. ரெண்டு பேரோட கொள்ளுத் தாத்தாவும் அண்ணன் தம்பின்னா சராசரி 73 வரும். எண் சரிதான். ஆனா நம்ம பக்கம் அக்கா மகள், மாமன் மகள்னு உள்ளுக்குள்ளயே கட்டுறதால தூரத்துச் சொந்தமும் இதே அளவு காட்டும். மொத்தத்தை விடு, பொருந்துற டி.என்.ஏ துண்டுகள்ல நீளமானது எத்தனை சென்டிமார்கன்?

கவிதா, 7:22
11தான். மொத்தம் 8 துண்டு.

ரவி சித்தப்பா, 7:26
அப்ப எனக்குச் சந்தேகம். எல்லாமே பொடித் துண்டுன்னா, பல வழியில பழைய சொந்தம் ஒண்ணா சேர்ந்திருக்கலாம். மூல டேட்டாவை ஜெட்மேட்ச்னு டி.என்.ஏ ஒப்பிடுற வெப்சைட்ல ஏத்தி, அப்பா அம்மா உறவான்னு பார்க்கிற கருவியை ஓட்டு. மாமன் மகளைக் கட்டினவங்க பிள்ளைக்கு 16ல ஒரு பங்கு, அக்கா மகளைக் கட்டினவங்க பிள்ளைக்கு 8ல ஒரு பங்கு டி.என்.ஏ அப்பா பக்கம், அம்மா பக்கம் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கும்.

மல்லிகா அத்தை, 7:31
அடுத்த டி.என்.ஏ டெஸ்ட் கிட் சின்னத் தாத்தாவுக்குத்தான். அவர் கொள்ளுத் தாத்தாவோட பிள்ளை, ரெண்டு தலைமுறை கிட்ட. நீ நினைக்கிற உறவுதான்னா அவருக்கும் அந்த அம்மாவுக்கும் 220 ஒட்டி வரணும். 80கூட தாண்டலைன்னா வேற வழி தேடணும்.
எச்சில் எடுக்க அரை மணி நேரம் முன்னாடியே தண்ணி, வெத்தலை எல்லாம் நிறுத்திடணும். குழாய்ல போட்டிருக்கிற கோடு வரைக்கும் எச்சில் வரணும், நுரை கணக்குல வராது. அவருக்கு வாய் வறண்டுபோகும். கன்னத்துல குச்சியால தேய்ச்சு எடுக்கிற கிட்டா வாங்கு.

கவிதா, 7:38
சரி அத்தை. அந்த அம்மாகிட்ட என்ன கேக்கட்டும்?

ரவி சித்தப்பா, 7:47
கலோனியல் நம்பர். 1860லேர்ந்து 1911 வரைக்கும் நட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல. ஆளுக்கு ஒரு எண். அது கிடைச்சா கப்பல் பட்டியல்ல அந்த வரியை எடுத்துடலாம்: பேர், அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்புத் தழும்பு. வயசு உத்தேசம்தான். எழுத்துப் பிழை ஏராளம். கவுண்டர் அங்கே கோவெண்டர்.
ஜில்லா வடஆற்காடுன்னு இருந்தா வேலூர்ப் பக்கம் மட்டும் தேடாத. 1911ல பிரிக்கிற வரைக்கும் சித்தூரும் அதுலதான் இருந்துச்சு.

மல்லிகா அத்தை, 7:52
பேரை மட்டும் நம்பிடாதே கவிதா. பேரனுக்குத் தாத்தா பேரை வைக்கிற வழக்கம். முனுசாமி மகன் சின்னசாமி, அவர் மகன் மறுபடி முனுசாமி. இங்கேதான் நிறைய பேர் ஒரு தலைமுறையை விழுங்கிடுறாங்க. பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்துல "இன்னார் குமாரர்"னு அண்ணன் தம்பி எல்லாரையும் எழுதியிருப்பாங்க. அதோட ஒத்துப் பாரு.

கவிதா, 7:55
ஆம்பளைங்களுக்கு மட்டும் எடுக்கிற, அப்பா வழியா வர்ற ஒய் குரோமோசோமைப் பார்க்கிற டெஸ்ட் உதவுமா?

ரவி சித்தப்பா, 7:59
அது பங்காளியான்னு சொல்லும், எத்தனை தலைமுறை தள்ளின்னு சொல்லாது. ஊர்ல பாதிப் பேர் நமக்குப் பங்காளிதானே. ஆனா பொருந்தலைன்னா அந்த ஆண் வழியையே தள்ளிடலாம், அதுக்கு ரொம்ப உதவும்.

கவிதா, 8:01
அப்ப இன்னைக்கே நம்ம ஊர் பேரும் தாத்தா பேரும் எழுதிக் கேக்குறேன்.

ரவி சித்தப்பா, 8:03
வேண்டாம்மா. ஊர் பேரை நீ சொல்லாத. அவங்களா சொல்லட்டும். நாம முதல்ல சொன்னா, அவங்க பாட்டி சொன்ன ஞாபகம்கூட அந்தப் பேருக்கே திரும்பிடும். எண்ணும், பாட்டி வாயில வந்த ஊர் பேர் எப்படிக் கேட்டுச்சோ அப்படியேயும் எழுதி அனுப்பச் சொல்லு.