என்ஏஎஸ் போல்ட்டுக்குப் பதிலாக 'அதே மாதிரி' போல்ட் போடலாமா?

ஓசூர்_மில்லிங்: ராணுவ சரக்கு விமானத்தில் ரேடியோ பெட்டி உட்காரும் தட்டுக்கு ஆர்டர் எடுத்திருக்கிறோம். வரைபடத்தில் என்ஏஎஸ்6604 போல்ட் (என்ஏஎஸ் என்பது அமெரிக்க விமான உதிரிபாகத் தரம்). வர மாதக்கணக்காகும் என்கிறார்கள், குறைந்தபட்ச ஆர்டரும் எங்கள் தேவையைவிடப் பல மடங்கு. உள்ளூர் வியாபாரி அதே கால் அங்குலம், அங்குலத்துக்கு அதே 28 மரை உள்ளதை நாளைக்கே தருகிறாராம். வாங்கலாமா?

பட்டறை_மணி: நல்ல கிரேடு 8 (சாதாரணக் கடையில் கிடைக்கும் உயர்வலிமை போல்ட்) வாங்கிப் போடுங்க தம்பி. அதன் இழுவலிமை சதுர அங்குலத்துக்கு 1,50,000 பவுண்டு, என்ஏஎஸ் 1,60,000. இறக்கையையா மாட்டப் போகிறீர்கள், ரேடியோ தட்டுதானே? நாம் கொடுக்கும் காசில் பாதி போல்ட்டுக்கு இல்லை, அதோடு வரும் சான்றுக் காகிதத்துக்கு.

வான்தரம்: மணி அண்ணே, இதை ஒத்துக்கொள்ளவே முடியாது. அவசரத் தரையிறக்கத்தில் அந்தப் பெட்டி கழன்றால் முன்னால் இருப்பவர் தலையில்தான் போய் விழும். 1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. முன்கண்ணாடியை மாட்டியவர் பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டுப் புதியதை எடுத்தார். மாட்டிய 90 போல்ட்டில் 84 ஏறக்குறைய 0.66 மி.மீ. மெலிந்தவை. 17,000 அடிக்கு மேல் கண்ணாடி பறந்து, விமானியின் பாதி உடம்பு வெளியே போய்விட்டது. சக ஊழியர்கள் பிடித்துக்கொண்டதால் பிழைத்தார்.

பட்டறை_மணி: அது அளவுத் தப்பு. நான் காலிப்பர் வைத்து அளந்து வாங்கச் சொல்கிறேன். காகிதம் இருந்தால் மட்டும் நல்ல சரக்கு வந்துவிடுமா? 1989-ல் நார்வேயின் பார்ட்னேர் நிறுவன விமானம் விழுந்து 55 பேர் இறந்தார்களே, வாலில் போலி போல்ட் இருந்ததாகத்தானே விசாரணையில் வந்தது?

வான்தரம்: அதே பார்ட்னேர்தான் என் வாதமும். போலியைக் காலிப்பர் காட்டாது. கடினப்படுத்திய எஃகுக்கு முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே இறங்கும், பூசியவுடன் 190 டிகிரி அளவில் பல மணி நேரம் சுட்டு அதை வெளியேற்றணும். அதை விட்டுவிட்டால் அளவெல்லாம் சரியாக இருக்கும், முறுக்கி வைத்த போல்ட் சில மணி நேரம் கழித்துத் தானாக முறியும். முலாமும் ஒன்றல்ல. காட்மியத்தில் உராய்வு ஒரு மாதிரி, துத்தநாகத்தில் வேறு, வரைபடத்தில் போட்டிருக்கிற அதே முறுக்குவிசை கொடுத்தாலும் இறுக்கம் மாறிவிடும். சூடான இடமாக இருந்தால் நட்டையும் பாருங்க, நைலான் வளையம் வைத்தது 120 டிகிரி வரைதான்.

கொள்முதல்_ராதா: தம்பி, எண்ணை முழுசாகப் போடுங்க. 6604-க்குப் பின்னால் வரும் எண் மரை இல்லாத பிடிநீளம், அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக் கணக்கு, 8 என்றால் அரை அங்குலம். அந்த எண்ணுக்கு முன்னால் டி இருந்தால் தண்டில் துளை, ஹெச் இருந்தால் தலையில் துளை. வியாபாரியின் போல்ட்டில் மரை உள்ளே வரை ஓடினால் பக்கவாட்டுச் சுமை மரை மேலேயே விழும், அதை யாரும் கணக்கே போட்டிருக்க மாட்டார்கள். விமானப் போல்ட்டைச் சில்லறையாக விற்கும் ஸ்டாக்கிஸ்ட்கள் இருக்கிறார்கள், மொத்த ஆர்டர் தேவையில்லை. தொகுதி எண்ணும் தயாரிப்பாளர் சான்றும் கேளுங்க, நாலைந்து போல்ட்டைக் கூடுதலாக வாங்கி ஆய்வகத்தில் இழுத்து முறித்துப் பாருங்க. பிரித்த பையில் வரும் உபரிச் சரக்கு வேண்டவே வேண்டாம்.

பட்டறை_மணி: ராதா மேடம் சொல்வது பெரிய கம்பெனிக்குச் சரி. சின்னப் பட்டறை மாற்று ஒப்புதல் கேட்டு எழுதினால் பதிலே வராது, அதற்குள் ஆர்டர் போய்விடும். ஆட்கள் கடைத்தெருவுக்குப் போவதற்குக் காரணமே அதுதான், முதலில் அதைத் திருத்தச் சொல்லுங்க.

வான்தரம்: அந்தக் கோபம் நியாயம். ஆனாலும் வடிவமைப்பாளர் ஒப்புக்கொள்ளாத போல்ட்டை நாமாக மாட்டக் கூடாது. தாமதத்தை எழுத்தில் அவர்களுக்கே அனுப்பி, கெடு நீட்டிப்புக் கேட்கட்டும்.

ஓசூர்_மில்லிங்: வரைபடத்தில் 6604டி8 என்றுதான் இருக்கிறது. வியாபாரி அனுப்பிய படத்தில் தண்டில் துளையே இல்லை. ராதா மேடம் சொன்ன மாதிரி ஸ்டாக்கிஸ்ட்களிடம் நாளைக்கு விலை கேட்கிறேன்.