ரொறன்ரோ ஸ்காபரோ எங்கட தெரு குழு: புல்லு வெட்டக் காஸ் மெசினோ, பற்றரி மெசினோ?

*சனி, 17 மே 2025*

*தர்ஷினி (9:12)*
எல்லாருக்கும் வணக்கம். ஒரு விசயம் கேக்கவேணும். வீடு வாங்கி வாற முதல் கோடை. மழை பெய்து புல்லு கணுக்காலுக்கு மேல வந்திட்டுது, டண்டலைன் களையும் மஞ்சளாப் பூத்துக் கிடக்கு. லோங் வீக்கெண்டுக்குள்ள புல்லு வெட்டுற மெசின் வாங்கோணும். இவர் காஸ் (பெற்றோல்) எண்டுறார், நான் பற்றரி எண்டுறன். நீங்கள் என்ன பாவிக்கிறியள்?

*சிவம் அண்ணை (9:15)*
காஸ் தான் பிள்ளை. என்ர ஹொண்டா எத்தினை வருசமாக் கிடக்கு, இப்பவும் ரெண்டாவது இழுவைக்கு ஸ்ராட் ஆகும். காஸ் முடிஞ்சால் ஊத்திப்போட்டு உடன வெட்டலாம். பற்றரி முடிஞ்சால் சார்ஜ் ஏறும் வரைக்கும் பாதிப் புல்லோட நிக்கவேணும்.

*கலா அக்கா (9:21)*
தர்ஷினி, நான் பற்றரி. தோள்மூட்டுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு காஸ் மெசினை ஸ்ராட் பண்ணுற அந்தக் கயித்தை இழுக்க எனக்கு ஏலாது. இவர் நைட் ஷிப்ட், சனி ஞாயிறு நித்திரை. காஸ் மெசின் இருந்த காலத்தில புல்லு வெட்ட ஒராளைப் பாத்துக்கொண்டு நிக்கவேணும். இப்ப பட்டனை அமத்தி, பிடியை இழுத்தால் ஓடுது. என்ர புல்லை நானே வெட்டுறன். எனக்கு அது பெரிய விசயம்.

*தர்ஷினி (9:23)*
அக்கா அதைத்தான் நானும் யோசிச்சனான். குழந்தை பகலில நித்திரை கொள்ளுற நேரத்திலதான் எனக்கும் கை ஓயும்.

*பாலா மாமா (9:30)*
பற்றரியை வீட்டுக்குள்ள வைக்கிறது பயமில்லையோ? 2023 டிசம்பர் 31 ரொறன்ரோ சப்வே ரயிலுக்குள்ள இ-பைக் பற்றரி எரிஞ்சதை எல்லாரும் பாத்தம்தானே.

*சிவம் அண்ணை (9:31)*
அதைத்தான் நானும் சொல்லுறன் 👆

*ரஞ்சி அன்ரி (9:34)*
நிரோவைக் கேளுங்கோ. அவன் மெசின் திருத்துற கடையிலதானே வேலை. @நிரோ

*நிரோ (10:48)*
வணக்கம், வேலையில நிண்டனான். மே மாசம் எண்டால் எங்கட கடையில நிக்க இடமில்லை. வாற காஸ் மெசினில அரைவாசிக்கு மேல ஒரே வருத்தம்தான்: போன ஒக்ரோபர் காஸை ராங்கில விட்டிட்டுப் பூட்டி வைச்சது. இப்பத்தைக் காஸில எத்தனோல் எண்ட அற்ககோல் கலந்திருக்கு, அது ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கில கிடந்தால் எஞ்சினுக்குக் காஸை அனுப்புற காபரேற்றருக்குள்ள பிசின் மாதிரிப் படிஞ்சு சின்ன ஓட்டையளை அடைச்சுப் போடும். இழுத்து இழுத்துக் கை நோகும், மெசின் ஓடாது.

*நிரோ (10:50)*
சிவம் அண்ணையின்ர ஏன் ஓடுது எண்டால் அவர் ஒவ்வொரு வருசமும் ஓயில் மாத்துறார், ஸ்பார்க் பிளக் பாக்கிறார், ஸ்னோவுக்கு முதல் காஸை முடிய ஓட்டி வைக்கிறார். அப்பிடிப் பாக்கிற ஆக்களுக்குக் காஸ் மெசின் நிண்டு பிடிக்கும். பாக்காத ஆக்களுக்குத்தான் கரைச்சல்.

*சிவம் அண்ணை (10:52)*
அப்பிடிச் சொல்லு தம்பி!

*தர்ஷினி (10:53)*
எங்களுக்கு ஓயில் மாத்தத் தெரியாது. செலவு எப்பிடி நிரோ? பற்றரி எண்டால் காஸ் காசு மிச்சம் பிடிக்கலாம் எண்டு கடையில ஒருத்தர் சொன்னவர்.

*நிரோ (11:05)*
காசு மிச்சம் எண்ட கதையை நம்பி வாங்காதேங்கோ. உங்கட மாதிரி 50 அடி 120 அடி காணியில வீடு, ட்ரைவ்வே போக முன்னுக்கும் பின்னுக்கும் சேத்து 3000 சதுர அடிப் புல்லு இருக்கும். அரை மணித்தியால வேலை. மே தொடக்கம் ஒக்ரோபர் வரைக்கும் கிழமைக்கொருக்கா வெட்டினால் ஒரு 25 தரம். காஸ் 12 லீற்றர் மட்டில போகும், 20 டொலரும் வராது. பற்றரிக்குக் கரண்ட் ஒரு வருசத்துக்கு ஒண்டு ரெண்டு டொலர். ஆக மிச்சம் அவ்வளவுதான். ஓயில், பிளக், பில்டரையும் சேத்தால் கொஞ்சம் கூடும்.
ஆனால் பற்றரிக்கு வயசு போனால் புதுசு ஒண்டு 300 டொலருக்கு மேல, எச்.எஸ்.டி விற்பனை வரி 13 வீதம் வேற. அதால காசுக்கணக்கு ரெண்டும் கிட்டத்தட்டச் சரி. வாங்கிற காரணம் வேறயா இருக்கவேணும்.

*கலா அக்கா (11:08)*
சத்தம்!! அதை ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை? காஸ் மெசின் தள்ளினால் காதுக்குள்ள ரெண்டு மணித்தியாலம் இரையும். இப்ப வெட்டிக்கொண்டே மகளோட போனில கதைக்கிறன்.

*நிரோ (11:12)*
ஓம் அக்கா, தள்ளுற ஆளின்ர காதுக்குக் காஸ் மெசின் 90 டெசிபல் மட்டில வரும், காதுக்கு மூடி போட்டுத்தான் ஓட்டவேணும். பற்றரி அதைவிட நல்லாக் குறைவு. சத்தமே இல்லை எண்டில்லை, பிளேட் சுத்துற இரைச்சல் இருக்கும்.

*ரஞ்சி அன்ரி (11:14)*
எதெண்டாலும் சனி ஞாயிறு காலமை 9 மணிக்கு முதல் தொடங்காதேங்கோ. ரொறன்ரோ சிற்றியின்ர சட்டம் அது. இரவு 9க்குப் பிறகும் கூடாது.

*சிவம் அண்ணை (11:20)*
சத்தத்தை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் என்ரது மூலைக் காணி, சுத்திவர சிற்றியின்ர புல்லும் நான்தான் வெட்டுறது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல போகும். ஒரு பற்றரி காணுமோ?

*நிரோ (11:31)*
உங்களுக்கு ஒண்டு காணாது அண்ணை. ரெண்டு வேணும், இல்லாட்டி பெரிசு ஒண்டு. இதிலதான் கன ஆக்கள் பிழை விடுகினம். கடையில 40 வோல்ற், 56 வோல்ற், 80 வோல்ற் எண்டு பெரிசா எழுதியிருக்கும். வோல்ற் கூடினால் நல்ல மெசின் எண்டில்லை. பற்றரியின்ர உடம்பில வாட்-அவர் எண்டொரு இலக்கம் இருக்கும், அதைப் பாருங்கோ. வோல்றை ஆம்பியர்-அவரால பெருக்கினால் வாறதுதான். 56 வோல்ற் 5 ஆம்பியர்-அவர் எண்டால் 280. 40 வோல்ற் 6 எண்டால் 240. வித்தியாசம் அவ்வளவுதான்.
காய்ஞ்ச புல்லு, கூரான பிளேட் எண்டால் தர்ஷினிக்கு 280 தாராளமாக் காணும். ஈரப் புல்லு, நீளமா வளந்தது, பையில பிடிச்சு வெட்டுறது எண்டால் அரைவாசி நேரத்தில முடிஞ்சிடும்.

*தர்ஷினி (11:34)*
இப்ப என்ர புல்லு அந்த ரெண்டும்தானே 😟

*நிரோ (11:38)*
ஓம், மே மாசத்து முதல் வெட்டுத்தான் எந்த மெசினுக்கும் கஷ்டம். ஒரே மூச்சில கட்டையா வெட்டாதேங்கோ. உயரத்தில மூண்டில ஒரு பங்குக்கு மேல எடுக்கக் கூடாது. இண்டைக்கு மேல் மட்டத்தில வைச்சு ஒருக்கா, மூண்டு நாள் கழிச்சு ஒரு படி இறக்கி ஒருக்கா. பிறகு கோடை முழுக்க 3 அங்குலத்தில விடுங்கோ. ஒன்ராரியோவில 2009க்குப் பிறகு வீட்டுப் புல்லுக்கு வழமையான களைகொல்லி அடிக்க ஏலாதுதானே. புல்லு உயரமா இருந்தால் நிலத்துக்கு நிழல் விழும், டண்டலைன் முளைக்கிறதும் குறையும்.

*பாலா மாமா (11:45)*
தம்பி, நெருப்பைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை.

*நிரோ (11:58)*
சொல்லுறன் மாமா, கேக்கவேண்டிய கேள்விதான். பெட்டியில வாற சார்ஜரைத் தவிர வேற சார்ஜர் போடக் கூடாது. ஒன்லைனில மலிவா வாற போலிப் பற்றரி வாங்கக் கூடாது. விழுந்து வெடிப்பு விட்டது, ஊதினது, தண்ணிக்குள்ள கிடந்தது ஒண்டையும் சார்ஜ் போடாதேங்கோ. வெளிய போற கதவுக்குப் பக்கத்தில சார்ஜ் போடாதேங்கோ, எரிஞ்சால் ஓட வழி வேணும். நித்திரைக்குப் போக முதல் கழட்டுங்கோ.
ஆனால் மாமா, கராஜுக்குள்ள சிவப்புக் கானில 10 லீற்றர் காஸ் வைச்சிருக்கிறதும் நெருப்புத்தான். சூடான எஞ்சினுக்குக் காஸ் ஊத்தித்தான் கன பேர் கையைச் சுடுகினம். நிப்பாட்டி ஆற விட்டிட்டுத்தான் ஊத்தவேணும்.

*பாலா மாமா (12:01)*
அது சரி. எங்கட கராஜுக்கு மேலதான் பேரப்பிள்ளையளின்ர அறை. நானும் கானை வெளிச் ஷெட்டுக்கு மாத்துறன்.

*நிரோ (12:03)*
நல்லது மாமா. பிள்ளையள் எண்ட உடன இன்னொண்டு. பற்றரி மெசின் சத்தமில்லாமல் நிக்கும், பட்டனை அமத்தினால் ஓடும். வெட்டி முடிய சாவியையும் பற்றரியையும் கழட்டி மேல வையுங்கோ. அடியில கை வைச்சுப் புல்லு எடுக்க முதலும் அப்பிடித்தான். காஸ் எண்டால் பிளக் வயரைக் கழட்டவேணும்.

*கலா அக்கா (12:10)*
புகையையும் சொல்லு நிரோ. காஸ் மெசின் தள்ளின உடுப்பு அலுமாரிக்குள்ளயும் மணக்கும்.

*நிரோ (12:22)*
காரில புகையைச் சுத்தப்படுத்துற கற்றலிற்றிக் கொன்வேற்றர் இருக்கு. வீட்டுப் புல்லு மெசினில பெரும்பாலும் அது இல்லை, எரிஞ்சதும் எரியாததும் அப்பிடியே மூக்குக்கு வருது. கலிபோர்னியாவின்ர காற்றுச் சபை ஒரு கணக்குச் சொல்லுது: புல்லு வெட்டுறதைத் தொழிலாச் செய்யிற ஆக்கள் பாவிக்கிற காஸ் மெசின் ஒரு மணித்தியாலம் ஓடினால், புகைமூட்டம் உண்டாக்கிற வாயுக்கள், கார் 300 மைல் ஓடின அளவு வருமாம். இஞ்ச இருந்து ஒட்டாவாவைத் தாண்டின தூரம். அங்க 2024 மொடலில இருந்து புது மெசினுக்குக் காஸ் எஞ்சின் விடேல்லை, ஏற்கெனவே வைச்சிருக்கிறதைப் பாவிக்கலாம்.

*சிவம் அண்ணை (12:25)*
கரண்ட் மட்டும் எங்கயிருந்து வருது? அதுவும் எரிச்சுத்தானே.

*நிரோ (12:29)*
ஒன்ராரியோவில நிலக்கரி 2014ஓட முடிஞ்சுது அண்ணை. கூடுதலா அணுவும் தண்ணியும்தான். பிக்கரிங் அணு உலை எங்கட பக்கத்திலதானே. கொஞ்சம் இயற்கை வாயுவும் எரிக்கினம், அது உண்மை.

*சிவம் அண்ணை (12:40)*
சரி, அப்ப என்ர ஹொண்டாவை என்ன செய்ய? எறியச் சொல்லுறியோ?

*நிரோ (12:44)*
வேண்டாம் அண்ணை. நல்லா ஓடுற மெசினை எறிஞ்சு புதுசு வாங்கச் சொல்லமாட்டன். ஹொண்டா அமெரிக்காவில காஸ் புல்லு மெசின் செய்யிறதை 2023இல நிப்பாட்டிட்டுது, ஆனால் பில்டர், பிளக், பிளேட் இப்பவும் எடுக்கலாம். அது முடிஞ்சு போகேக்க ரெண்டு பற்றரியோட ஒண்டைப் பாப்பம். இப்ப பிளேட்டைக் கொண்டாங்கோ, தீட்டித் தாறன். உங்கட புல்லு நுனி வெள்ளையாக் கிழிஞ்சு கிடக்கு, ரோட்டால போகேக்க பாத்தனான்.

*சிவம் அண்ணை (12:46)*
பின்னேரம் கொண்டு வாறன்.

*தர்ஷினி (12:58)*
இவருக்கு எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினனான். பற்றரி எண்டு முடிவு. எந்தக் கொம்பனி நிரோ?

*நிரோ (13:10)*
மெசினைப் பாக்க முதல் பற்றரிக் குடும்பத்தைப் பாருங்கோ. ஈகோ, ரியோபி, மில்வாக்கி ஒவ்வொண்டுக்கும் தன்ர தன்ர பற்றரி, ஒண்டு மற்றதுக்குப் போகாது. நாளைக்கு ஓரம் வெட்டிற ட்ரிம்மர், இலை ஊதி, ஸ்னோ புளோவர் எண்டு போகேக்க பற்றரி இல்லாத மெசினை மட்டும் குறைஞ்ச விலைக்கு வாங்கலாம். அண்ணரிட்ட ஏற்கெனவே ட்ரில் எதாவது இருக்கோ?

*தர்ஷினி (13:14)*
ரியோபி ட்ரில் இருக்கு. 18 வோல்ற்.

*நிரோ (13:19)*
அது வேற குடும்பம் தங்கச்சி. பெரிய மெசினுக்கு 40 வோல்ற், அந்த 18 போடேலாது. 18இலயும் சின்ன மெசின் வருது, ஆனால் உங்கட புல்லுக்கு 40 நல்லது. அப்ப புதுசாத்தான் தொடங்குறியள், எதையும் எடுக்கலாம். பற்றரிக்குக் குறைஞ்சது மூண்டு வருச வொறண்டி இருக்கோ எண்டு பாருங்கோ, ரசீதை வடிவா வைச்சிருங்கோ.
மாரிக்குப் பற்றரியைக் கராஜில விடாதேங்கோ. பாதிச் சார்ஜோட வீட்டுக்குள்ள, சூடில்லாத இடத்தில வையுங்கோ. குளிரில உறைஞ்ச பற்றரிக்குச் சார்ஜ் ஏத்தினால் பழுதாப்போகும்.

*கலா அக்கா (13:25)*
பின்னேரம் என்ர மெசினை வந்து எடு தர்ஷினி. ஒருக்கா உன்ர புல்லில தள்ளிப் பாத்திட்டு நாளைக்குப் போய் வாங்கு. திங்கள் விக்ரோரியா டே, கடையள் கூடுதலாப் பூட்டு.

*தர்ஷினி (13:27)*
நல்லது அக்கா 🙏 5 மணிக்கு வாறன்.

*பாலா மாமா (13:31)*
நிரோ, கானில கிடக்கிற பழைய காஸை எங்க போடுறது?

*நிரோ (13:36)*
கழிவுத்தண்ணி போற குழிக்குள்ள ஊத்தவேண்டாம் மாமா. சிற்றியின்ர ஆபத்தான கழிவு எடுக்கிற டிப்போவுக்குக் கொண்டுபோங்கோ, காசில்லை. பழைய லிதியம் பற்றரியும் அங்கதான், நீல மறுசுழற்சிப் பெட்டிக்குள்ள போடக்கூடாது.