புதுப்பிப்பு: 'தண்ணீர் பட்டிருக்கு' என்று வாரண்டி மறுத்த லேப்டாப்

ஏழு மாத லேப்டாப் திடீரென்று செத்துப்போனது, சேலம் சர்வீஸ் சென்டரில் 'தண்ணீர் பட்டிருக்கு, வாரண்டி கிடையாது' என்றார்கள் என்று புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி.

நேரில் போய், என் கண் முன்னாலேயே திறக்கச் சொன்னேன். ஈரம் பட்டால் சிவக்கும் ஸ்டிக்கர் வெள்ளை வெளேரென்று இருந்தது! சார்ஜிங் போர்ட் ஓரத்தில் மட்டும் கடுகளவு பச்சைக் களிம்பு. ஏற்காட்டு மூடுபனியில் வேறென்ன வரும்? போட்டோ எடுத்துக்கொண்டு, மறுப்பை எழுத்தில் கேட்டேன். அந்தத் தம்பி முகம் மாறிவிட்டது.

அன்றே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். எட்டாம் நாள் கம்பெனியிலிருந்தே போன்: "மதர்போர்டை இலவசமா மாத்தித் தர்றோம் சார்."

இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. பெங்களூரில் வாங்கியிருந்தாலும் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்.

நேற்று லேப்டாப் வந்தது. அடியில் ஒரு ஸ்க்ரூ குறைகிறது. சரி, போகட்டும்.