வேட்பாளர் விலகினால் அவரை ஆதரித்தவர்களுக்கு என்ன பதில்?

களுவாஞ்சிக்குடி வாக்காளன்:
2022 யூலை 19 ஆம் திகதி, சஜித் பிரேமதாச, பாராளுமன்றத்தில் நடக்கவிருந்த ஜனாதிபதித் தெரிவுக்கான போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டு, அன்றே சபையில் டலஸ் அழகப்பெருமவின் பெயரைத் தாமே முன்மொழிந்தார். இதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 2019 ஜனாதிபதித் தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டம் அவருக்கு 238,649 வாக்குகளை அளித்தது. அது நூற்றுக்கு எழுபத்தெட்டுக்கும் மேல். கோட்டாபய ராஜபக்ச ஆட்சிக்கு வரக்கூடாது என்பதற்காகவே எங்கள் மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பெருந்தொகையாக ஒரே சின்னத்துக்கு வாக்களித்தார்கள். கோட்டாபய நாட்டை விட்டு ஓடி, பதவி வெற்றிடமானபோது, நாங்கள் நம்பியவர் ஒதுங்கிக்கொண்டு, அதே கோட்டாபயவின் அமைச்சரவையில் இருந்தவரைக் கைகாட்டினார். நாட்டின் நலனுக்காக விலகுகிறேன் என்றார். எங்கள் நலன் அந்தக் கணக்கில் எங்கே இருந்தது என்று அவர் சொல்லவில்லை.

கல்முனை வாசகர்:
உங்கள் மனவருத்தம் எனக்கு விளங்குகிறது, ஐயா. ஆனால் அந்தத் தெரிவில் வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தவர்கள் நீங்களும் நானும் அல்லர், 225 பாராளுமன்ற உறுப்பினர்கள். 2020 பொதுத் தேர்தலில் சஜித்தின் ஐக்கிய மக்கள் சக்திக்குக் கிடைத்தவை 54 ஆசனங்கள், ராஜபக்சக்களின் பொதுஜன பெரமுனவுக்கோ 145. அந்தச் சபையில் சஜித் வெல்வதற்கு வழியே இருக்கவில்லை. அப்போது பதில் ஜனாதிபதியாக இருந்து போட்டியிட்ட ரணில் விக்ரமசிங்கவைத் தடுக்க வேண்டுமென்றால் பெரமுனவை உடைக்க வேண்டியிருந்தது. அதை உடைக்கக்கூடியவர் பெரமுனவுக்குள் இருந்தே வர வேண்டியிருந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் இறுதியில் டலஸை ஆதரிக்கவே தீர்மானித்தது. தோல்வி உறுதி என்று தெரிந்த பின்னரும் ஆதரவாளரின் திருப்திக்காகப் போட்டியில் நிற்பவரைவிட, தன் ஆசையை விட்டுக்கொடுத்து ஒரு வாய்ப்பை உருவாக்க முயன்றவரே என் கண்ணில் பொறுப்பானவர்.

களுவாஞ்சிக்குடி வாக்காளன்:
டலஸுக்குக் கிடைத்தவை 82 வாக்குகள், ரணிலுக்கு 134, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. நீங்கள் சொல்லும் உடைவு போதிய அளவில் நிகழவில்லை. அதை முன்கூட்டியே அறிந்திருக்க முடியாது என்று நீங்கள் வாதிடலாம், அதை விட்டுவிடுகிறேன். பாராளுமன்றத்தில் ஜனாதிபதியைத் தெரிவுசெய்வதற்கான 1981 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, உறுப்பினர்களும் 1, 2, 3 என விருப்பத்தெரிவுகளை இட முடியும். ஆகவே சஜித் போட்டியில் நின்றபடியே, "எனக்கு முதல் தெரிவையும் டலஸுக்கு இரண்டாம் தெரிவையும் இடுங்கள்" என்று கேட்டிருக்கலாம். எவரும் அரைவாசியைத் தாண்டாத நிலையில் குறைந்த வாக்குப் பெற்றவர் நீக்கப்பட்டு, அவருடைய வாக்குகள் அடுத்தவருக்குச் சென்றிருக்கும். சட்டமே திறந்து வைத்திருந்த அந்த வழியால் அவர் போகவில்லை. எங்கள் தெரிவுக்குச் சபையில் எத்தனை பேர் துணை நின்றார்கள் என்பதுகூட எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

கல்முனை வாசகர்:
சட்டத்தில் வழி இருப்பதும் அந்த வழியில் ஆட்கள் நடப்பதும் வெவ்வேறு விடயங்கள். 2024 செப்டெம்பர் 21 ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலைப் பாருங்கள். முதற் கணக்கெடுப்பில் எவரும் அரைவாசி பெறாததால், வரலாற்றில் முதற் தடவையாக விருப்பத்தெரிவுகள் எண்ணப்பட்டன. முதலிருவரைத் தவிர்ந்த ஏனையோருக்கு 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கிடைத்திருந்தன. அவற்றிலிருந்து அநுரவுக்குச் சேர்ந்தவை 105,264, சஜித்துக்குச் சேர்ந்தவை 167,867. மற்றையவை எல்லாம் அவ்விடத்திலேயே நின்றுபோயின. அதனால்தான் சொல்கிறேன், வெற்றிவாய்ப்பு இல்லாத ஒருவர் தெளிவாக விலகி, இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று சொல்வதே ஆதரவாளரின் வாக்கைக் காப்பாற்றும்.

ஏறாவூர் ஆசிரியை:
நான் சஜித்தின் ஆதரவாளர் அல்லள், என்றாலும் இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே 2024 தேர்தலில் மட்டக்களப்பின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்றார். செப்டெம்பர் 1 ஆம் திகதி அவருடைய தமிழரசுக் கட்சியின் மத்திய செயற்குழு சஜித்தை ஆதரிப்பதென்று தீர்மானித்து, அவரைப் போட்டியிலிருந்து விலகும்படி கேட்டது. அவர் விலகவில்லை, 226,343 வாக்குகளைப் பெற்றார். கல்முனைச் சகோதரரின் கணக்கின்படி அவர் விலகியிருக்க வேண்டும். ஆனால் அவருக்கு வாக்களித்த பலர் அவர் வெல்வார் என்று எண்ணி வாக்களிக்கவில்லை. தங்களுக்கும் ஒரு நிலைப்பாடு உண்டு என்பதைப் பதிவுசெய்யவே வாக்களித்தார்கள். அவர் விலகியிருந்தால் அந்தப் பதிவு அழிந்திருக்கும். ஆதரவாளர் ஒரு வாக்கை மட்டும் கொடுப்பதில்லை. அயலவரோடும் உறவினரோடும் வாதாடி, தன் சொல்லையும் சேர்த்தே கொடுக்கிறார். விலகும் வேட்பாளர் அந்தச் சொல்லை எப்படித் திருப்பிக் கொடுப்பார்?

கல்முனை வாசகர்:
ஆசிரியை அவர்களே, அரியநேத்திரனின் வாக்கு ஒரு நிலைப்பாட்டின் பதிவு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2022 இல் நாட்டில் எரிபொருள் இல்லை, மருந்து இல்லை. அப்போது கேள்வி ஆட்சியை யார் நடத்துவது என்பதாகவே இருந்தது. எல்லாத் தேர்தலுக்கும் ஒரே அளவுகோலை வைக்க இயலாது.

களுவாஞ்சிக்குடி வாக்காளன்:
அளவுகோல் மாறலாம், ஐயா, கடமை மாறாது. விலகுவதற்கு முன்னர் தனக்கு வாக்களித்த மாவட்டங்களின் மக்கள் பிரதிநிதிகளோடு பேச வேண்டும். ஆதரவை யாருக்கு, எந்த உடன்பாட்டின் பேரில் கொடுக்கிறேன் என்பதை எழுத்தில், தமிழிலும் வெளியிட வேண்டும். காணி விடுவிப்புப் பற்றியும் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றியும் டலஸிடம் என்ன வாக்குறுதி பெறப்பட்டது என்று எங்கள் மாவட்டத்து மக்களுக்குச் சஜித் சொல்லியிருந்தால், அந்த விலகலை எதிர்த்து நான் இங்கே எழுதியிருக்க மாட்டேன். அப்படியொரு வாக்குறுதி பெறப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்தால் அதை இங்கே எழுதுங்கள், வாசிக்கிறேன்.