வீட்டுக்கு வந்த பிறகும் வகுப்பறை மனதை விட்டுப் போவதில்லை: மற்ற ஆசிரியர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கல்லடி ஆசிரியை:

பதினொரு வருடமாக ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். கடைசி நான்கு வருடம், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு சிறிய பாடசாலை, தரம் 5. நாலேகாலுக்கு எழும்பிச் சமைத்து, பிள்ளைகள் இருவரையும் மாமியிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டால், பஸ் வலையிறவுப் பாலம் தாண்டும்போது நன்றாக விடிந்திருக்கும். பஸ் பிந்தினால் வரவு இடாப்பில் சிவப்புக் கோடு. அந்தப் பதற்றத்தோடுதான் முதல் பாடம் தொடங்குகிறது.

பயணத்தைத் தாங்கலாம். வகுப்பில் பத்தொன்பது பேர். ஊருக்குள் யானை வந்த இரவின் மறுநாள் ஐந்தாறு பிள்ளைகள் மேசையில் தலை வைத்து உறங்கிவிடுவார்கள். எழுப்ப மனம் வராது, பாடத்தை நிறுத்தவும் முடியாது. ஆனால் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் எல்லோரும் கேட்பது, வெட்டுப்புள்ளிக்கு மேல் எத்தனை பேர் என்பதைத்தான். ஒருவன் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான். தாய் குவைத்தில், அவன் அம்மம்மாவோடு. வைகாசியில் ஒரு நாள் முழு வசனம் ஒன்றைத் தடக்காமல் வாசித்தான். அதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

போன மாதம் மேற்பார்வைக்கு வந்த ஒருவர், பிள்ளைகளுக்கு முன்னால் வைத்தே என் பாடக்குறிப்பைக் குறை சொன்னார். அவர் போய்ப் பத்து நிமிடம் ஆகவில்லை, அந்தப் பையன் கொப்பியைத் திறக்காமல் இருந்ததைக் கண்டு கத்திவிட்டேன். அடுத்த வகுப்பு வரை கேட்டதாம். அவன் அழவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, நான் ஓயும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஞாயிறு பின்னேரம் ஆனாலே வயிறு இறுகுகிறது. இடமாற்றத்துக்கு எழுது என்கிறார் கணவர். இந்தப் பிள்ளைகளை விட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. இப்படியே இருக்கவும் முடியவில்லை.

ஓய்வுபெற்ற அதிபர், மண்டூர்:

மகள், முதலில் அந்தப் பையனிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். வகுப்புக்கு முன்னால்தான் கத்தினீர்கள், ஆகவே வகுப்புக்கு முன்னாலேயே கேளுங்கள்.

1994இல் நான் ஒரு மாணவனைக் காரணமில்லாமல் அடித்தேன். அன்று காலை சோதனைச் சாவடியில் என் பையைக் கொட்டி, என்னை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தக் கோபம் அவன் முதுகில் இறங்கியது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அவன் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். மண்டூர் முருகன் கோயில் திருவிழாவில் கண்டால் தோள் சால்வையை எடுத்துவிட்டு 'சேர்' என்பான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

இன்னொன்று. அந்தக் காலத்தில் நாங்கள் நால்வர் பாடசாலை விட்டதும் மண்டூர்த் துறையில் பாதை ஏறி, அதாவது வாவியைக் கடக்கும் மிதவைப் படகில் ஏறி, அக்கரையில் உள்ள குருமண்வெளிக்கு வருவோம். ஏறியதும் அன்றைய கோபம், கவலை எல்லாவற்றையும் ஆளுக்காள் சொல்லித் தீர்ப்போம். பாதை கரை தட்டியதும் பாடசாலைக் கதை இல்லை. மீறி வாய் திறப்பவர் மறுநாள் தேநீருக்குக் காசு கொடுக்க வேண்டும். உங்கள் பஸ்ஸில் கூட வருபவர் யாரும் இல்லையா?

கணித ஆசிரியர், திருக்கோவில்:

சேர் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் பலர் செய்வதுபோல் மனதைத் திடப்படுத்து என்று மட்டும் சொல்வது, மூட்டையை இறக்காமல் முதுகைப் பலப்படுத்தச் சொல்வது போன்றது. கருத்தரங்குகளில் மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறார்கள். நல்லதுதான். முடிந்து வந்தால் அதே படிவங்கள் மேசையில் இருக்கின்றன.

நாங்கள் மூன்று பேர் ஒரு தவணை முழுக்க என்னென்ன எழுதுகிறோம் என்று குறித்துவந்தோம். ஒரே புள்ளிகளை மூன்று இடத்தில் பதிந்துகொண்டிருந்தோம். அவற்றில் ஒன்றை மேலிடம் கேட்டதே இல்லை, பாடசாலையில் எப்போதோ தொடங்கிய வழக்கம். அதிபரிடம் காட்டினோம், நிறுத்திவிட்டார். இரவு ஏழு மணிக்குப் பிறகு வட்ஸ்அப் குழுவில் வேலைச் செய்தி போடுவதில்லை என்றும் முடிவெடுத்தோம். அதற்கு மட்டும் இரண்டு தவணை வாதாட வேண்டியிருந்தது.

டீச்சர், நீங்களும் அதிபரிடம் ஒன்று கேளுங்கள்: மேற்பார்வைக்கு வருபவர் குறை சொல்வதானால், அலுவலக அறையில் வைத்துச் சொல்லட்டும்.

உளவள ஆலோசனை ஆசிரியை, மட்டக்களப்பு:

தங்கை, இரண்டு மணி விழிப்பு ஒரு மாதமாக இருக்கிறது என்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. தீராத வேலை அழுத்தத்தால் வரும் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் விவரித்தது. நோயாக அல்ல, தொழிலோடு தொடர்புடைய நிலையாக. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது கசப்பது, என்னால் முடியவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் சொல்கிறது. உங்களுக்கு முதலாவதும் மூன்றாவதும் இருப்பதாகத் தெரிகிறது. பிள்ளைகளிடமிருந்து மனம் விலகவில்லை. அதுவும் விலகுவதற்கு முன்பே உதவி தேடுங்கள்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. யாராவது கண்டுவிடுவார்கள் என்று தயங்க வேண்டாம், என் சக ஆசிரியர்களைக் கூட்டிப் போயிருக்கிறேன். பேசினால் போதும் என்று தோன்றினால் 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணை அழையுங்கள்.

காதைப் பொத்தியதையும் சும்மா விட வேண்டாம். சத்தம் அவனுக்குப் பழகிய ஒன்றா என்று அம்மம்மாவிடம் மெதுவாக விசாரியுங்கள்.

கல்லடி ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை முதல் பாடத்திலேயே, எல்லோருக்கும் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பு மூச்சுக் காட்டவில்லை. அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உங்களுக்குத் தொண்டை நோகவில்லையா டீச்சர்?" என்றான். கரும்பலகைப் பக்கம் திரும்பித் திகதி எழுதினேன். வேறு ஒன்றும் செய்ய வரவில்லை.

மேற்பார்வை பற்றி எங்கள் பாடசாலை அதிபரிடம் கேட்டேன், யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அம்மம்மாவை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். வியாழன் வைத்தியசாலைக்குப் போகிறேன், கணவரும் வருகிறார். இடமாற்றப் படிவம் மேசையில் இருக்கிறது. இன்னும் நிரப்பவில்லை.